நிலத்தோடு இறக்கிய பிக்கப்

அருமைராசாவுக்கு இந்த உலகத்தில் எவருடைய வேலையும் பிடிக்காது. துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் பதினொரு வருடமாக ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார்; அங்கே பெட்டி அடுக்குகிறவன் எல்லாம் கண் தெரியாதவன். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் அவர் இருக்கிற மூன்றாம் மாடிக்குப் படி கட்டினவன் குடிகாரன். பூசை வைக்கிற சுவாமிக்குப் பிரசங்கத்தை எங்கே நிப்பாட்டுவதென்று தெரியாது. மன்னாரில் உழவு மெசின் திருத்தின கை அவருடையது. அதனால் சில்லுப் பூட்டிய எதைப் பற்றியும் கடைசிச் சொல் தன்னுடையது என்று ஒரு நினைப்பு.

2006இல் பனி கரைகிற நேரம் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். எண்பத்தொன்பதாம் ஆண்டு ஜப்பான் வண்டி. இரண்டு பேர் இருக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டால் மூன்றாவது ஆளும் இருக்கலாம். பனிக்குக் கொட்டுகிற றோட்டு உப்புத் தின்று அடிப்பக்கம் அப்பளம் மாதிரிக் கிடந்தது. அதன் உயரத்தைக் குறைத்து நிலத்தோடு நிலமாக இறக்கப் போவதாகச் சொன்னார்.

"உந்த வயசில உமக்கு இளந்தாரியளின்ர விளையாட்டோ?" என்று மனைவி திரேசம்மா கேட்டாள்.

"அவங்கள் படம் காட்ட இறக்கிறாங்கள். நான் காரணத்தோட இறக்கிறன்."

காரணம் இருந்ததுதான், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு ஓகஸ்டும் திருநாளுக்கு மாதாவின் சொரூபம், சின்னக் கோயில் மாதிரியான மரக் கூட்டில் வைத்து ஊர்வலமாக வரும். கூடு ஏறுவது திருநாள் கமிட்டித் தலைவர் செபமாலையின் மரக்கறி லொறியில். சொரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் நம்முடைய சனத்துக்குத் திருநாள் முடிந்ததாகாது. ஆனால் அந்த லொறித் தட்டு ஒரு ஆள் உயரம். சனம் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டின மட்காட்டைத் தொட்டுக் கும்பிட்டது. மாதாவிடம் போக வேண்டிய முத்தமெல்லாம் செபமாலையின் சில்லுக்குப் போனது.

கமிட்டிக் கூட்டத்தில் அருமைராசா எழும்பினார். "கரட் ஏத்திற லொறியில மாதாவை ஏத்திறியள். என்ர பிக்கப்பை இறக்கிக் கொண்டுவாறன். நாலு வயசுப் பிள்ளையும் தொடும்."

செபமாலை கண்ணாடியைத் துடைத்தார். "வண்டி ஓடுமோ அருமை?"

"உங்கட கூட்டம் ஓடுறதை விட நல்லா ஓடும்."

சிரிப்பு அடங்கினபிறகு, ஒரு வருடம் பார்க்கலாம் என்று முடிவானது. அன்றிலிருந்து அருமைராசா நிலத்தில் நடக்கவில்லை. மாதாவைக் கூட்டிப் போகிற ஆள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவும் அதுதான். இந்த நாட்டில் அவரை ஒருவரும் எதற்கும் முன்னுக்கு விட்டதில்லை.

வேலை நடந்தது ரொக்ஸ்பரோவில், திரேசம்மாவின் தம்பி அன்டன் வீட்டுக் கராஜில். அன்டன் வைத்தியசாலையில் தரை துடைக்கிறவன், சாது. சனிக்கிழமை தோறும் அவன் காரை வெளியே விரட்டிவிட்டு அருமைராசா உள்ளே போனார். பாரம் தாங்குகிற வில்லுத்தகட்டுக்குக் கீழே கிடந்த பின் அச்சைக் கழற்றித் தகட்டுக்கு மேலே ஏற்றிப் பூட்டினார். ஒரேயடியாக ஐந்து அங்குலம் இறங்கியது. முன்பக்கத்து முறுக்குக் கம்பிகளைத் தளர்த்தினார், மூக்கும் குனிந்தது. வானநீலம் அடித்து வெள்ளிக் கோடு இழுத்தார். துருவின்மேல் அடித்த வர்ணம், கொப்புளத்துக்குப் பவுடர் பூசினது போல இருந்தது.

அன்டன் ஒரு நாள் மெல்லச் சொன்னான். "அத்தான், வண்டிப் பாட்ஸ் கடையில விசாரிச்சனான். அச்சுக்கு நேர மேல வாற சட்டத்தைப் பிறை மாதிரி வெட்டி, இரும்பு வைச்சு ஒட்டோணுமாம். இல்லாட்டிப் பாரம் ஏத்தினா அச்சு சட்டத்தில போய் இடிக்குமாம்."

"ஆர் சொன்னது?"

"கடைக்காரன்."

"இரும்பு விக்கிறவன் இரும்பு வாங்கத்தான் சொல்லுவான். ஏறிப் பின்னால இரு."

அன்டன் ஏறி இருந்தான். அருமைராசா கீழே படுத்துப் பார்த்தார். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே மூன்று விரல் போனது.

"பாத்தியோ? உன்னைப்போல ரெண்டு பேரைத் தாங்கும்."

"கூடு என்னைவிடப் பாரமெல்லே அத்தான்."

"நீ தரையைத் துடை. இதை என்னட்ட விடு."

திருநாளன்று கோயில் கார் தரிப்பிடத்தில் நீல வண்டி வந்து நின்றது. திரேசம்மா ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "சவப்பெட்டிக்குச் சில்லுப் பூட்டின மாதிரிக் கிடக்கு" என்றாள். எட்டுப் பேர் கூட்டைத் தூக்கி வைத்தார்கள். மூன்று விரல் இடைவெளி ஒரு விரலானது. அருமைராசா குனிந்து பார்க்கவில்லை. குனிந்து பார்த்தால் சனம் என்ன நினைக்கும்?

கணக்குப் பிழைத்தது அதற்குப் பிறகுதான். லொறியில் வைத்த காலத்தில் நேர்த்திப் பொருள் எதையும் கமிட்டிக்காரர் மேலே நின்று வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இப்போது எல்லார் கைக்கும் தட்டு எட்டியது. ஒருத்தி வாழைக்குலை வைத்தாள். இன்னொருத்தி பிள்ளை உயர மெழுகுதிரியைச் சாய்த்தாள். அரிசி மூட்டை வந்தது. பாட்டுக்காரர் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் பற்றரியும் வைத்தார்கள். நோய் வருத்தம் மாறின பிள்ளையை மாதாவின் காலடியில் இருத்தி எடுப்பது வழக்கம், இருத்தினார்கள், எடுக்கவில்லை. ஒன்றைப் பார்த்து மற்றதும் அழ, ஐந்து பிள்ளைகள் ஏறியாயிற்று.

"அத்தான், காணும். நிப்பாட்டச் சொல்லுங்கோ," என்றான் அன்டன்.

எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிற மனிதருக்கு அன்று அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. மாதாவுக்கு வைக்கிற பொருளைத் தன் வண்டி தாங்காது என்று செபமாலைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? கதவைச் சாத்தி வண்டியை எடுத்தார்.

தரிப்பிடத்து வாசலில் சின்ன இறக்கம், கீழே மழைத்தண்ணி ஓடுகிற பீலி. முன் சில்லு இறங்கியது. பின் சில்லு இறங்கியபோது அடியில் யாரோ சம்மட்டியால் அடித்த சத்தம் கேட்டது. அச்சு சட்டத்தில் ஏறி இருந்துவிட்டது. டயர் தகரத்தில் உரஞ்சிப் புகைந்தது. கூடு ஒரு பக்கம் சரிய, பத்துக் கைகள் பாய்ந்து பிடித்தன. பிள்ளைகளைத் தாய்மார் பறித்தெடுத்தார்கள். வண்டி வாசலுக்குக் குறுக்கே, முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

தெருவை மறித்து நின்ற பொலிஸ்காரன் வந்து எட்டிப் பார்த்தான். "முசியே, இது என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டான். அருமைராசாவுக்கு அது விளங்கியது. இப்போதுதான் குனிந்து அடியைப் பார்த்தார்.

"என்ர லொறி உள்ளுக்கு நிக்குது, எடுக்கட்டோ?" என்றார் செபமாலை. பிறகு வாசலைப் பார்த்தார். "எப்பிடி எடுக்கிறது? வழியில நீ நிக்கிறாய்."

சாப்பாட்டுக் கூடாரத்தின் இரும்புக் குழாய் இரண்டைக் கழற்றிக்கொண்டு வந்தவன் அன்டன். கூட்டின் அடியில் குழாயைச் செருகிக் கயிற்றால் வரிந்தார்கள். எட்டுப் பேர் தோள் கொடுக்க, மாதா எழும்பி நீல வண்டியைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். இந்த நாட்டில் தோளில் தூக்க ஆள் வராது என்று ஆறு வருடம் சொன்ன கமிட்டிக்கு அன்று ஆளை விலக்குவதே வேலையாகிவிட்டது. பத்தடிக்கொரு தரம் தூக்கினவர்கள் களைத்துக் கூட்டை இறக்க, சனம் ஆசை தீரத் தொட்டது.

"இனிமேல் ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான்," என்று செபமாலை சத்தமாகச் சொன்னார். "ஒருத்தற்ற வாகனமும் வேண்டாம்."

அருமைராசா அதைக் கேட்டார். மாதா கைக்கு எட்ட வேண்டும் என்று முதலில் சொன்னவர் தான் என்பதை ஒருவருக்காவது ஞாபகப்படுத்தலாம் என்று சுற்றிப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. திறப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்வரிசைக் குழாய்க்குக் கீழே புகுந்தார். இருபக்கமும் நின்றவர்கள் அவரைவிட அரையடி உயரம். குழாய் அவர் தோளில் முட்டவேயில்லை. கையை உயர்த்தி அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு இறாத்தல் பாரம்கூடத் தாங்காமல் ஊர்வலம் போன இரண்டு தெருவும் சுற்றி வந்தார்.

வழி நெடுகச் சொல்லிக்கொண்டும் வந்தார். "இடப்பக்கம் பதியுது. தூக்கத் தெரியாட்டி ஏன் வாறியள்?"