சமையல்காரர் ஷிப்லியின் புதுக் கண்

"அந்தா வருது அக்கரைப்பற்று! முன் கண்ணாடியில ஒரு கீறலும் கிடக்கு!"

கல்முனை பஸ் நிலையத்தில் ஷிப்லியிடம் யாரும் கேட்பதில்லை. அவராகவே சொல்லுவார். பஸ் வெறும் புள்ளியாகத் தெரியும்போதே பெயர்ப்பலகையை உரக்க வாசித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களைப் பெருமையோடு பார்ப்பார். அவர் ஏறவேண்டிய பஸ் அதற்குள் போயிருக்கும்.

ஷிப்லி கல்யாண வீடுகளுக்குப் புரியாணி ஆக்குகிறவர். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. சோடாப் போத்தலின் அடி போலக் கண்ணாடி. கிடாரத்தின் மூடியைத் திறந்தால் ஆவி பட்டு உலகமே வெள்ளையாகிவிடும். ஒருநாள் கண்ணாடி நழுவிக் கிடாரத்துக்குள் விழுந்து, மாப்பிள்ளை கூட்டாளிகளோடு சேர்ந்துண்ட சஹன் தட்டில் இறைச்சித் துண்டுக்கடியில் அகப்பட்டது. மாப்பிள்ளையின் தோழன் அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்துக்கு நின்றான். அடுத்த கிழமையே ஷிப்லி கண்ணாடியை விட்டொழிக்கக் கண்ணுக்கு லேசர் செய்யக் கொழும்புக்குப் போனார்.

"டொக்டர், அந்தச் சூட்டுல உள்ளுக்க இரிக்கிற இரத்தக் குழாயெல்லாம் வெந்து போயிராதா?" என்று கேட்டார்.

"லேசர் கண்ணிட முன்பக்கத்த மட்டும்தான் செதுக்கும். பின்னால இருக்கிற விழித்திரைக்குப் போகாது," என்றார் டொக்டர் அம்மா. "ஆனா உங்கட கண் முன்னுக்குப் பின் நீண்ட கண். விழித்திரையும் குழாயும் இழுபட்டு மெலிஞ்சிருக்கு. கண்ணாடி போனாலும் அந்த மெலிவு போகாது. வருசா வருசம் வந்து காட்டணும்."

"விளங்கிச்சி டொக்டர். மூடிய மாத்தினாலும் கிடாரத்திட அடி அதே அடிதான்."

இவ்வளவு நன்றாக விளங்கிக்கொண்ட மனிதர், அடுத்த வருடம் போகவில்லை. மனைவி ஆகிலா ஞாபகப்படுத்தியபோது, "பஸ் போர்ட்ட இவ்வளவு தூரத்தில வாசிக்கிறவனுக்கு டொக்டர் என்னத்துக்குப் புள்ள?" என்றார்.

சாய்ந்தமருதில் ஒரு கல்யாணம். மூடியைத் திறந்த ஷிப்லி அலறினார்: "நிப்பாட்டுங்க! சோத்துல தலமயிர்! தொப்பி போடாதவன் ஆரு?"

உதவிக்கு நின்ற றிம்சான் தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைக் காட்டினார். "ஷிப்லி காக்கா, என்னட்ட எங்க மயிர் இரிக்கி?"

ஷிப்லி அகப்பையால் மயிரைத் துரத்தினார். அது சோற்றில் ஓடியது, இறைச்சியில் ஏறியது, றிம்சானின் மொட்டையிலும் போய் உட்கார்ந்தது. பெண்கள் பக்கம் சோறு விளம்ப வந்திருந்த ஆகிலா ஓடி வந்து, உள்ளங்கையால் அவருடைய இடக்கண்ணைப் பொத்தினாள்.

"இப்ப?"

"இரிக்கி."

வலக்கண்ணைப் பொத்தினாள். "இப்ப?"

ஷிப்லியின் குரல் இறங்கியது. "இல்ல... நேத்தையிலிருந்து ஓரத்தில மின்னவும் செய்யிது புள்ள."

"மயிர் சோத்துல இல்ல, உங்கட கண்ணுக்குள்ள. நடங்க!"

தான் ஆக்கிய புரியாணியை ருசி பாராமல் ஷிப்லி வெளியேறியது அன்றைக்குத்தான்.

கொழும்பில் டொக்டர் அம்மா திரையில் விழித்திரையைக் காட்டினார். அந்தப் பயத்திலும், "கருப்பட்டி வட்டிலப்பம் மாதிரி இரிக்கி," என்றார் ஷிப்லி. அதன் ஓரத்தில் ஒரு கிழிசல். அங்கே மெல்லிய குழாயொன்று கசிந்த இரத்தம்தான் மயிராக மிதந்தது.

"முந்தின லேசர் பட்டு வெடிச்சதா டொக்டர்?"

"இல்ல, நீண்ட கண்ணில இப்படி வரும். கிழிசலச் சுத்தி வேறொரு லேசரால ஒட்டுவம். இன்னும் சுணங்கியிருந்தா விழித்திரையே கழண்டு பார்வை போயிருக்கும்." ஆகிலா கணவனின் சேர்ட்டுக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கண் தப்பியது. மறுவருடம் கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் புறப்படுகிற காலையில் கைத்தொலைபேசி அடித்தது. ஊரின் பெரிய வீட்டுக் கல்யாணம். நாள் மாறிவிட்டதாம், நாளைக்கே ஆக்க வேண்டுமாம். "உங்கட கை இல்லாட்டிச் சரிவராது ஷிப்லி," என்று குரல் கெஞ்சியது. ஷிப்லியின் முகம் மலர்ந்தது. ஆகிலா செருப்பை மாட்டினாள்.

"நாளைக்கி ஏலா," என்றார் ஷிப்லி. தொலைபேசியை அணைத்து, அவளுடைய கைப்பைக்குள் போட்டு, சிப்பைத் தானே இழுத்து மூடினார்.