நீள்முடி வீரனுக்கு மச்சான் இல்லை

மாவட்டப் புத்தகத் திருவிழா மேடையில் என் அக்கா கணவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அவர் பேசியதைவிட அந்தச் சட்டையைத்தான் நான் அதிகம் கவனித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தோளில் இறுக்கம். எனக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். இருக்கத்தானே செய்யும், அந்த மேடைக்கென்றே, நான் ஏறப்போகிறேன் என்று நினைத்து, நான் வாங்கிய சட்டை.

ஜமுனாமரத்தூர் கிளை நூலகத்தில் மாதக் கடைசி ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். பதினோரு பேர் வருவோம், மழை பெய்தால் ஆறு. திருவிழாவில் பேச ஒவ்வொரு நூலகமும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும், பத்து நிமிடம் தருவார்கள் என்று நூலகர் மேடம் அறிவித்தபோது நான் சுற்றிலும் பார்த்தேன். எனக்குப் போட்டி என்று ஒருவரும் இல்லை. கீழே விடுதியில் தங்கி ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு மலைக்குத் திரும்பியவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். "அடுத்த மாசம் யார் நல்லா பேசறாங்களோ அவங்கதான் போறாங்க" என்று மேடம் சொன்னதை, என்னிடம் தனியாகச் சொன்னது போலவே எடுத்துக்கொண்டேன்.

என் தலைப்பும் தயார். ஒரு பக்கம் வேதாகமத்தின் நீள்முடி வீரன். வெறுங்கையால் சிங்கத்தை ஆட்டுக்குட்டியைப் போலக் கிழிப்பான். சில நாள் கழித்து அதே வழியில் வருவான். செத்த சிங்கத்தின் உடலில் தேனீக்கள் கூடு கட்டியிருக்கும். தேனை அள்ளித் தின்றுகொண்டே நடந்து போய், தன் கல்யாண விருந்தில் பெண் வீட்டு ஊர்க்காரர்கள் முப்பது பேரிடம் அதையே விடுகதையாகப் போடுவான். அவர்கள் பெண்ணை மிரட்டுவார்கள், பெண் அழுவாள், இவன் விடையைச் சொல்லிவிடுவான். அங்கே ஆரம்பிக்கும் சரிவு, இன்னொரு பெண்ணிடம் தன் பலமெல்லாம் முடியில்தான் என்ற ரகசியத்தையும் சொல்லி, முடியை இழந்து, கண்ணையும் இழந்து, எதிரிகள் கூடிய மண்டபத்தின் தூண்களைச் சாய்த்துத் தானும் சாவதில் முடியும்.

இன்னொரு பக்கம், நூலகத்தின் பின்னறையில் கயிறு கட்டிக் கிடந்த பழைய படக்கதைப் புத்தகங்களில் நான் கண்டெடுத்த கையுறைக்காரன். ஒரு கையில் மட்டும் கறுப்புக் கையுறை. பாழடைந்த கோட்டைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் ஒற்றைக் கயிற்றில் இறங்குவான். ஊர் கிடையாது, உறவு கிடையாது. யாரையும் நம்ப மாட்டான், அதனால் யாரிடமும் தோற்க மாட்டான்.

உணர்ச்சியால் விழுந்தவன் ஒருவன், அறிவால் நின்றவன் ஒருவன். இதுதான் என் கட்டுரை. நான்கு வாரம் எழுதினேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். அக்கா கம்பு புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "என் தம்பி வாயத் தொறந்தா ஊரே கேக்கும்" என்றாள். பக்கத்து வீட்டிலும் போய்ச் சொன்னாள். இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு மழை. பேருந்து வரவில்லை. மாமாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். எங்கள் பக்கம் அக்கா கணவரை மாமா என்போம், அவர் என்னை மச்சான் என்பார். என்னைவிட எட்டு வயது பெரியவர். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சாமை, புளி, பருவத்தில் பாறைத் தேன். இதுதான் அவர் உலகம் என்று அன்று வரை நினைத்திருந்தேன். மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றவரை மேடம்தான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் நன்றாகப் பேசினேன். இதில் பொய் அடக்கம் தேவையில்லை, உண்மையிலேயே நன்றாகப் பேசினேன். கை தட்டினார்கள். "யாருக்காச்சும் கேள்வி இருக்கா?" என்றார் மேடம்.

மாமா கையைத் தூக்கினார். எனக்குக் காது சூடானது. வீட்டு ஆள் ஏதாவது உளறி மானத்தை வாங்கப்போகிறார் என்று பயம்.

"அந்த முடிக்காரனுக்கு மச்சான் இல்லியா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நிம்மதியாக.

"இல்லீங்க, நெசமாத்தான் கேக்குறேன்" என்று அவர் எழுந்து நின்றுவிட்டார். "தேன் எடுத்தவன்னு சொல்றீங்களே, அதான். நாங்க பாறையில எறங்கும்போது மேல கவுறு புடிக்கிறது பொண்டாட்டி கூடப் பொறந்தவன். அண்ணன் தம்பி கையில குடுக்க மாட்டோம். நான் செத்தா என் தம்பிக்கு என் நெலம் வரும். மச்சானுக்கு இன்னா வரும்? தாலி அறுந்த அக்காதான் வூட்டுக்கு வரும். அதனால வுட மாட்டான்."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை வேறு மாதிரி சிரிப்பு. மேடம் பேனாவை எடுத்தார்.

"இவன் இன்னா பண்ணான்? பொண்ணு வூட்டு ஆளுங்க முப்பது பேரு எதிர்ல உக்காந்துக்கிறாங்க. அவங்க கையில கவுத்தக் குடுக்காம விடுகதையக் குடுத்தான். முப்பது பேரும் எதிரி ஆயிட்டாங்க. சரி, இந்தக் கையுறைக்காரன் கவுத்த எதுல கட்டுறான்?"

என்னைத்தான் கேட்டார். "பாறையில. சில கதையில மரத்துல" என்றேன்.

"கட்டுறோம், நாங்களும் மரத்துலதான் கட்டுறோம். மரம் தாங்கும். கீழ இருந்து கூப்ட்டா மரம் பதில் சொல்லுமா? அவன் வுழுந்தா மரத்துக்கு இன்னா நஷ்டம்? வுழுந்தா யாருக்கு நஷ்டமோ அவன்தான் மேல நிக்கணும். இவங்க ரெண்டு பேருக்கும் மேல ஆளே இல்லீங்க. ஒருத்தன் வுழுந்துட்டான். இன்னொருத்தன் கதையா இருக்கறதால இன்னும் வுழல. அவ்ளோதான் வித்தியாசம்."

நான்கு வாரம். மூன்று நிமிடம்.

என் கட்டுரையின் போது மேடம் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா பேசியதற்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "தப்பா நினைக்காதீங்க தம்பி, திருவிழாவுக்கு உங்க மாமாவை அனுப்பலாமா? கதையை நீங்க சொல்லிக் குடுத்துடுங்க" என்றார். தப்பாக நினைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, ஆச்சரியம்தான்.

மாமா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவரை மன்னித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. அவருக்கு ஆசை வந்துவிட்டது. சாயங்காலம் சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்று, "மச்சான், அந்த சிங்கத்துக் கதைய இன்னொரு வாட்டி படி" என்பார். நான் படிப்பேன். வேண்டுமென்றே வேகமாகப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, என் அறுபது பக்கக் குறிப்பேட்டில் எங்கும் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். "சிங்கத்தக் கொன்னத அவன் அப்பன் ஆத்தாகிட்டகூட சொல்லல பாரு. சொல்லாம தேன மட்டும் குடுத்தான். அப்பவே அவன் ஒத்தை ஆளு ஆயிட்டான்." அந்த வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன்! என் கண்ணில் ஏன் படவில்லை?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் கிணற்றடியில் அக்கா யாரிடமோ, "எங்க வூட்டுக்காரரு திருவண்ணாமலையில மேடையில பேசப் போறாரு" என்று சொல்வது காதில் விழுந்தது. முன்பு எனக்காக எடுத்த அதே குரல், அதே இழுவை. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை என்பதற்கு இன்னும் கொஞ்சம் கோபம். மறுநாள் அக்காவே வந்து, "டேய், உன் வெள்ளச் சட்டைய மாமாவுக்குக் குடேன், ஒரு நாளைக்குத்தானே" என்றாள்.

திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்பு தேனுக்குப் போனோம். காவலூர்ப் பக்கம் ஒரு பாறை. அதன் உச்சியில் நின்றால் வானாய்வுக் கூடத்தின் வெள்ளைக் குமிழ் தெரியும். வெயில் பாறையில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். கயிற்றின் நுனியை மரத்தில் கட்டி, மீதியை என் கையில் கொடுத்தார் மாமா. பாறை முனையில் உரசாமல் பார்ப்பது, விடச் சொன்னால் விடுவது, இழுக்கச் சொன்னால் இழுப்பது என் வேலை. கீழே போனவருக்கு மேலே நிற்பவன் தெரியாது. குரல்தான் உண்டு. அவர் "மச்சான்" என்பார், நான் "இருக்கேன்" என்பேன். இரண்டு கையும் கயிற்றில் இருக்க வேண்டும். என் பதினாறாவது வயதிலிருந்து இதைச் செய்கிறேன்.

அன்று என் ஒரு கையில் கைபேசி இருந்தது.

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மாமா சொன்ன எல்லாவற்றையும் நானே கட்டுரையாக எழுதி, திருவிழாவுக்கு முன்பே ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால், மேடையில் அவர் பேசும்போது அது என்னுடையதாக இருக்கும். பாதி எழுதியாகிவிட்டது. 'விழுந்தால் எவனுக்கு இழப்போ, அவனிடமே கயிறு இருக்க வேண்டும்' என்று கட்டைவிரலால் தட்டிவிட்டு, இழப்பா, நஷ்டமா, எது நன்றாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான்."

இழப்புதான் நன்றாக இருந்தது.

"மச்சான்!"

இரண்டாவது குரலுக்கும் நான் பதில் சொல்லவில்லை. கேட்டது. சொல்லத் தோன்றவில்லை. வேலையாக இருக்கிறவனைத் தொந்தரவு செய்கிற மாதிரி ஒரு எரிச்சல் வந்தது, அவ்வளவுதான். அப்போது கயிறு என் இடது கைக்குள் உதறியது. ஒரு முழம் வழுக்கி ஓடி, மரத்துக் கட்டில் போய் முட்டி நின்றது. கைபேசி பாறையில் விழுந்தது. இரண்டு கையாலும் பிடித்தபோது உள்ளங்கை எரிந்தது.

அவர் மேலே வந்தார். டின்னில் பாதி கூட இல்லை. முகத்தில் நாலைந்து கொட்டு. மூச்சு வாங்க உட்கார்ந்தவர் கண்ணில் கைபேசி பட்டது. எடுத்தார். அணைந்திருக்கவில்லை. எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு, ஆனால் கயிறு கையில் இருந்தது.

"நல்லாதான் எழுதிக்கிற" என்றார். "நான் சொன்னதுக்கு மேலயே இருக்குது."

திட்டியிருக்கலாம்.

தண்ணீர் குடித்தார். வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, பின்பக்கக் கூட்டுக்காகக் கயிற்றை இன்னொரு மரத்துக்கு மாற்றிக் கட்டி, மீதியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் வாங்கத் தயங்கினேன்.

"இன்னா பாக்கிற? உங்க அக்காவுக்கு நீ ஒருத்தன்தான் தம்பி. உங்க அம்மா இன்னொண்ணு பெத்திருந்தா அவன்கிட்டக் குடுத்துட்டு உன்ன வூட்டுக்குத் தொரத்தியிருப்பேன். புடி. ரெண்டு கையி."

அவர் இறங்கினார். அந்த அரைமணி நேரத்தில் அவர் கூப்பிடாதபோதும் நான் "இருக்கேன், இருக்கேன்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கீழேயிருந்து, "தெரியுதுடா, தேனீ பயப்படுது" என்று பதில் வந்தது.

கைபேசியில் எழுதியதை அங்கேயே அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. அது இன்னும் இருக்கிறது. பொறாமையும் அப்படித்தான், அந்தப் பாறையில் அது செத்துப்போய்விடவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், காலரில் வேண்டுமென்றே ஒரு மடிப்பை விட்டுவிட்டு. அக்கா பார்த்துவிட்டு மறுபடி போட்டாள்.

திருவிழா மேடையில் மாமா தொடக்கத்தில் நன்றாகவே பேசினார். சிங்கம், தேன், விடுகதை, முப்பது பேர். நான் மூன்றாவது வரிசையில் அக்கா பக்கத்தில். கூட்டம் அவர் கையில் இருந்தது. எனக்கு வரவேண்டிய சிரிப்பு ஒவ்வொன்றாக அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கையுறைக்காரனிடம் வந்தார். "அவன் கவுத்த..." என்றார். நின்றுவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். மைக்கில் அவர் மூச்சு கேட்டது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

நான் சந்தோஷப்பட்டேன். மறைப்பதற்கில்லை. உள்ளே எதுவோ இனித்தது.

"மச்சான்" என்றார் மைக்கில்.

கூட்டம் சிரித்தது, பேச்சின் பாகம் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. பாறைக்குக் கீழேயிருந்து கூப்பிடுகிற அதே குரல்.

"இருக்கேன் மாமா!" என்று கத்தினேன். மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. "மரத்துல கட்டுறான்!"

"ஆங், மரத்துல கட்டுறான்" என்று அவர் தொடர்ந்தார். பிறகு நிற்கவே இல்லை. எழுந்து நின்று கை தட்டினார்கள். தட்டிய கைகளில் ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. நானும் தட்டினேன், உள்ளங்கையில் கயிறு கிழித்த இடம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் அக்கா தூங்கிவிட்டாள். போளூர் தாண்டி பேருந்து மலை ஏறியது. முதல் வளைவில் மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"ரெண்டு மூச்சு லேட்டு, மச்சான்."

எண்ணியிருக்கிறார். எத்தனை வருடம் கயிற்றில் தொங்கிக்கொண்டு என் குரலுக்காக எண்ணியிருப்பார்! அவர் தோளைப் பார்த்தேன்.

"சட்டை தையல் வுட்டுடுச்சு மாமா."

தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று.

"தச்சுக் குடுத்துடறேன்" என்றார். "நாளைக்குக் காலையில பாறைக்குப் போவணும். போன வூட்டுல வச்சுட்டு வா."