கட்டுச்சோறு முடிந்ததும் சொன்ன இரண்டு பொய்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது உங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், எனக்கு அத்தை, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். "உங்கம்மா மாத்திரைக்குப் பயந்துட்டு சாகப் பாத்தவ கண்ணு. நீங்க அவளாட்ட இருக்காதீங்க." பாப்பா, தம்பி, நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

மாத்திரை வேண்டாம் என்றது அம்மா இல்லை. நான்தான். பத்து வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எட்டாவதுவரை படித்தவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது கணபதியில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. பட்டறைக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீடு. பாப்பா, நீ அம்மா வயிற்றில் நாலு மாதம். என் அக்காவுக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தை எடுத்தார்கள். அவள் ஒரு குடம் தண்ணீர் தூக்கக்கூட யோசிப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு பயம். அந்தச் சமயத்தில் பட்டறைக்காரர் ஒருவர், கல்யாண மண்டபத்தில் நடந்த இயற்கைப் பிரசவ வகுப்புக்குக் கூட்டிப் போனார். மேடையில் பேசியவர், "மாடு என்ன ஆஸ்பத்திரிக்கா போகிறது?" என்று கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து அதையே அம்மாவிடம் சொன்னேன். அவள் பொள்ளாச்சிப் பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவள். "எங்கூட்டுல மாடு கன்னு போடச் செரமப்பட்டா அப்பா மொதல்ல மாட்டு டாக்டரத்தானுங்க கூப்புடுவாரு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு எல்லாம் வெளையாட்டு" என்றேன்.

வகுப்பில் சொன்னது எல்லாமே தப்பு என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் இரண்டு பேரும் நடந்தோம். முருங்கைக்கீரை, ராகிக்கூழ், பேரீச்சை எல்லாம் வாங்கிப் போட்டேன். நன்றாக உட்கார்ந்து எழுந்தாள், நன்றாகத் தூங்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் பகுதி நர்ஸம்மா ரத்தம் ஊறுவதற்குக் கொடுத்த சிவப்பு மாத்திரைகளை எடுத்து அலமாரி மேல்தட்டில், அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன்.

"கீரையும் திங்கறேன், மாத்திரையும் போட்டுக்கறேன். ரெண்டுக்கும் ஏதாச்சும் சண்டைங்களா?" என்று கேட்டாள்.

"மாத்திரை போட்டா கொழந்தை பெருசாயிரும். அப்பறம் அறுத்துத்தான் எடுக்கோணும்" என்றேன். இதுவும் வகுப்பில் சொன்னதுதான். மாத்திரை மேல்தட்டிலேயே இருந்தது.

ஒன்பதாம் மாதம் அமுச்சி வீட்டில் பதினோரு வகைச் சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு கட்டுச்சோறு விருந்துக்கு வந்தார்கள். விருந்து முடிந்தால் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது நம் பக்கத்து வழக்கம். அங்கே போனால் நேராக ஆஸ்பத்திரிதான் என்று எனக்குத் தெரியும். "இந்நேரத்துல பஸ்ஸுல அலைய வேண்டாம்னு நர்ஸம்மா சொல்லிப்போட்டாங்க அத்தை. இங்கயே பெரிய ஆஸ்பத்திரில பாத்துக்கறனுங்க" என்றேன். அத்தை கண் கலங்கி, வெறும் பாத்திரங்களோடு திரும்பிப் போனார்கள். இது முதல் பொய்.

நாலாம் நாள் நர்ஸம்மா வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, அம்மணி இந்த மாசம் செக்கப்புக்கு வல்லீங்களே?"

"கட்டுச்சோறு முடிஞ்சுதுங்க. அவங்க அம்மா ஊட்டுக்குப் போயாச்சுங்க" என்றேன். உன் அம்மா கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. நர்ஸம்மா நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அத்தையிடம் நர்ஸம்மா பேரையும், நர்ஸம்மாவிடம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நல்ல வழக்கத்தையும் சொன்னதால் இரண்டு பக்கமும் என்னை நம்பினார்கள். அவளைப் பார்க்கவேண்டிய இரண்டு பேரையும் நானே அனுப்பிவைத்தேன்.

பிறகு ஒரு நாள் விடியற்காலையில் வலி எடுத்தது. வெந்நீர், வேகவைத்த துணி, எல்லாம் தயார். போனில் பார்த்தபடி அவளை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன். பத்தரை மணிக்கு நீ பிறந்தாய், பாப்பா. வீல் என்று கத்தினாய். அந்த நிமிஷம் நான்தான் உலகத்திலேயே பெரிய ஆள் என்று நினைத்தேன்.

ரத்தம் நிற்கவில்லை. போனில் இருந்த வகுப்புக் குழுவில் எழுதிக் கேட்டேன். "பயப்படாதீங்க, கெட்ட ரத்தம் வெளியே போகிறது" என்று பதில் வந்தது. நம்பினேன். இன்னொரு துணியை மடித்துப் போட்டேன். அரைமணி நேரம் அப்படிப் போனது. அம்மாவின் உதடு வெள்ளைத்தாள் மாதிரி ஆனது. "ஏனுங்க, கண்ணு இருட்டீட்டு வருதுங்க. பாப்பாவப் புடிங்க" என்றாள்.

உன் அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதென்ன உங்க லேத்து மெஷினுங்களா, நீங்களே கழட்டி நீங்களே மாட்டறதுக்கு?" என்றபடியே ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தத்தில் இருக்கவேண்டிய சத்தில் பாதிகூட இல்லை என்றார் டாக்டரம்மா. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னார். நான் அதை எழுதமாட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவள் கண் விழித்துப் பேசினாள். நர்ஸம்மா வந்திருந்தார். பொள்ளாச்சி பஸ் பிடித்து அத்தையும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் கட்டிலுக்கு இரண்டு பக்கம். "அம்மணி உங்கூட்டுக்கு வந்துட்டதாத்தானுங்க இவரு சொன்னாரு" என்றார் நர்ஸம்மா. "நீங்கதான் பஸ்ஸு ஏறக்கூடாதுன்னீங்கன்னு எங்க மாப்பிள்ளை சொன்னாரு" என்றார் அத்தை. பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் குனிந்து உன்னைத் தூக்கிக்கொண்டேன்.

அம்மாதான் பேசினாள். குரல் காற்று மாதிரி வந்தது. "நாந்தானுங்க அப்படிச் சொல்லச் சொன்னேன். மாத்திரையும் நாந்தான் போடல. கசந்துதுங்க."

அத்தை அவளைத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. "இத்தன வயசாகியும் மாத்திரை கசக்குதாம்! பெத்த கொழந்தைய அனாதையா உட்டுட்டுப் போகப் பாத்தியே!" ரத்தம் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்த கையோடு அவள் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, உன் துணியைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

தம்பி, நீ வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் தவறாமல் நானே மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன், மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கீரையும் கொடுத்தேன். நீ ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்தாய். அதனால் பழையது சரியாகிவிட்டது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அமுச்சி ஒவ்வொரு முறை சிரித்துக்கொண்டே அவளைச் சொல்லும்போதும், ஆகவில்லை என்று தெரிகிறது.

இதை எழுதப்போகிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் அன்று பழியை ஏற்றுக்கொண்டாய் என்றும் முதல்முறையாகக் கேட்டேன்.

"நீங்க நின்னுட்டிருந்த நெலமையப் பாத்தேன். சொல்லிப்போட்டேன். ஒரு வாரத்துல நீங்களே உண்மையச் சொல்லிருவீங்கன்னு நெனச்சனுங்க" என்றாள். மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். பிறகு, "எழுதுங்க. ஆனா எங்கம்மாகிட்ட நீங்களே வாயால சொல்லோணும். கொழந்தைங்க கையில குடுத்து உடாதீங்க" என்றாள்.

சனிக்கிழமை பட்டறை அரை நாள்தான். மத்தியானம் பொள்ளாச்சி போகிறோம். நான் அமுச்சியிடம் பேசும்போது நீங்கள் வெளியே விளையாடப் போகாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.