‘எல்லாத்துக்கும்’ என்று எழுதிய பெட்டி

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கற் பேணி இருக்கிறது. அதற்குள் பிஸ்கற்றை நான் கண்டதே இல்லை. பிரான்சில் இருக்கும் என் தம்பி லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவந்து தரும் மருந்துக் குளிசைகள்தான் அதற்குள். அவன் கொண்டுவரும் சொக்லேற் இரண்டு நாளில் முடிந்துவிடும். குளிசை வருடக்கணக்கில் இருக்கும்.

பெட்டிகளில் எழுதியிருப்பது முழுக்கப் பிரெஞ்சு. எனக்கு அந்த மொழியில் நன்றி சொல்ல மட்டும் தெரியும். ஆகவே தம்பி வாயால் சொன்னதைக் கறுப்புப் பேனையால் பெட்டிகளில் எழுதி வைத்தேன். ‘தலை’, ‘மூட்டு’, ‘வயிறு’. ஒரு பெட்டியைப் பற்றி அவன், “இது எல்லா நோவுக்கும் கேக்கும் அண்ணை” என்றான். அதில் ‘எல்லாத்துக்கும்’ என்று எழுதினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும். கந்தோரில் அரை நாள் லீவு போய்விடும். இத்தனைக்கும் மேலே, ஏன் மூன்று நாள் சும்மா இருந்தனீங்கள் என்று டொக்டரிடம் ஏச்சும் வாங்க வேண்டும். பேணி யாரையும் ஏசாது. போதாததற்கு இணுவில் ஊரில் முழங்கால் பிடித்தவர்களெல்லாம் குளிசை கேட்டு எங்கள் படலையைத் தட்டத் தொடங்கினார்கள். “டொக்டர் நிக்கிறாரோ?” என்று முன்வீட்டு அண்ணை கூப்பிடுவார். நக்கல்தான். ஆனாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன மாரியில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் உளைவு, கண்ணுக்குப் பின்னால் குத்து.

“டெங்கு திரியுதாம். ஒருக்கா ரத்தம் சோதிச்சுப் பாப்பமோ?” என்றாள்.

“சும்மா பயப்பிடாதையும். மழையிலை நனைஞ்ச காய்ச்சல்” என்று சொல்லி, ‘எல்லாத்துக்கும்’ பெட்டியைத் திறந்தேன்.

முதல் நாள் மூன்று, மறுநாள் மூன்று. காய்ச்சல் இறங்கியது. எனக்கு ஒரே புளுகம். தேத்தண்ணி போட்டுக்கொண்டு மகிழ்ச்சியில் பாட்டுக்கூடப் பாடினேன். மூன்றாம் நாள் காலை பல் தீட்டியபோது அவள் துப்பியதில் இரத்தம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டெங்குதான் என்றார்கள். இளம் பெண் டொக்டர் ஒருவர் கட்டிலருகே வந்து, “வீட்டிலை என்ன மருந்து குடுத்தனீங்கள்?” என்று கேட்டார்.

“பரசிற்றமோல் மட்டும்தான்” என்றேன்.

வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். ஊசி ஏற்றிய இடம் நீலமாய்க் கன்றியிருந்தது. அந்தக் காகிதத் துண்டில் எழுதியதை நம்பித்தானே இனி இவளுக்கு வைத்தியம் நடக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த வேளைக்கென்று கொண்டுவந்த குளிசை அட்டை இன்னும் என் சட்டைப் பையில் கிடந்தது.

ஓடிப்போய் அதை நீட்டினேன். “டொக்டர், நான் பொய் சொல்லிப்போட்டன். இதைத்தான் குடுத்தனான்.”

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “மருந்தின்ரை பேர் எந்தப் பாஷையிலும் ஏறக்குறைய ஒண்டுதான் ஐயா. டெங்குக்கு இதைக் குடுக்கவே கூடாது, ரத்தப்போக்கைக் கூட்டிப்போடும். இப்பவாவது சொன்னீங்கள்.” முன்பு எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். ஏசவே இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்து நாளில் அவள் தேறி வீட்டுக்கு வந்தாள். அன்று இருவரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

“டெங்கெண்டு உமக்குச் சந்தேகம் இருந்ததுதானே. பிறகேனப்பா அந்தக் குளிசையைப் போட்டனீர்?”

அவள் சிரித்தாள்.

“அந்தப் பேணியைத் திறக்கேக்கை உங்கடை முகத்தை நீங்கள் பாக்கோணும். அவ்வளவு சந்தோசம். வேண்டாமெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.”