'யாரு சொன்னா' டீச்சர்

கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தால் ஒரு தமிழ் டீச்சருக்கு பெரிய வசதி. பிள்ளைகள் செய்கிற திருட்டுத்தனம் வகுப்புக்கு வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர், கை கழுவும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"உன் ஒன்பதாங்கிளாஸ் பசங்களுக்கு நதியப் பத்தி கட்டுரை எழுதச் சொன்னியா?"

"ஆமா, ஏன்?"

"எல்லாரும் நம்ம கடையிலதான் பிரிண்ட் எடுத்தாங்க. ஒரே கட்டுரை. மேல இருக்கிற பேருதான் வேற வேற. எனக்கு வியாபாரம், உனக்குத் தலைவலி."

மறுநாள் கட்டுரைகள் மேசைக்கு வந்தன. நதி எல்லாவற்றிலும் ஒரே மலையில் பிறந்து, ஒரே இடத்தில் வளைந்து, ஒரே கடலில் போய் விழுந்தது. அதையாவது மன்னிக்கலாம், நதி ஒன்றுதானே! ஆனால் கடைசி வரியும் ஒன்றாகவே இருந்தது: 'மேலும் படிக்க இங்கே அழுத்தவும்.'

டீச்சர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, அந்த வரியின் மேல் விரலால் அழுத்தினார். "அழுத்திட்டேன். ஒண்ணும் வரலையே?"

வகுப்பு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கேட்டார்: "சரி, இதெல்லாம் யாரு சொன்னா?"

"நெட்டுல இருந்தது டீச்சர்."

"நெட்டுன்னா யாரு? பேரு என்ன? நதிய நேர்ல பாத்தவரா, பாக்காதவரா?"

முன்பெஞ்சுக்காரர்கள் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சருக்கு அப்போதுதான் சுருக்கென்றது. தன் பிள்ளைகள் தடுமாறாமல் வாசிப்பார்கள், ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுவார்கள் என்று இருபது வருடமாக அவருக்கு ஒரு பெருமை இருந்தது. வாசித்ததை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொல்லிக்கொடுக்கலாம் என்றால் அவருக்கே தெரியாது. கம்ப்யூட்டர் என்றால் காத தூரம் ஓடுகிறவர் அவர். சாயங்காலம் கடைக்குப் போய், வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து கணவரிடம் பாடம் கேட்டார். மவுசைத் தொட்டாலே அந்த அம்பு, விளக்கைப் போட்டதும் பல்லி ஓடுகிற மாதிரி ஒரு மூலைக்கு ஓடியது. "மெதுவா பிடி, அது ஒண்ணும் சாக்பீஸ் இல்ல," என்பார் கணவர். ஒரு படம் இதற்கு முன் எங்கெங்கே வந்திருக்கிறது என்று தேடுவது, ஒரு பக்கத்தை நடத்துகிறவர் யார் என்று பார்ப்பது, தேதியைக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றாக வசமானது. காலாண்டு விடுமுறை முடிவதற்குள் கடைக்கு வருகிறவர்களுக்கு அவரே விண்ணப்பம் போட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பள்ளி திறந்ததும் புதன்கிழமை கடைசிப் பீரியட் கம்ப்யூட்டர் அறையில் தமிழ் வகுப்பு நடந்தது. அவரவர் வீட்டு போனுக்கு வந்த செய்தி ஒன்றை எழுதிக்கொண்டு வரவேண்டும். கரும்பலகையில் கேள்விகள் எழுதியிருக்கும். யார் சொன்னது? எப்போது சொன்னது? வேறு யாராவது அதையே சொல்கிறார்களா? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்? மழையோடு மீன் கொட்டிய படத்தையும், ஒரே வாரத்தில் கண்ணாடியைக் கழற்ற வைக்கும் கஷாயத்தையும் பிள்ளைகள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்கள். ஒரு தரம் டீச்சரே பழம்பாடல் என்று உருகி உருகி ஒரு வரியை வாசித்தார். அது சோப்பு விளம்பரத்துக்காக எழுதியது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதோடு அவருக்கு 'யாரு சொன்னா' டீச்சர் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

எல்லோரும் மெச்சினார்கள் என்று சொல்ல முடியாது. பாடத்தை முடிக்காமல் போன் பார்க்கச் சொல்லித்தருகிறார் என்று பெற்றோர் சிலர் தலைமையாசிரியரிடம் புகார் சொன்னார்கள். எல்லோரும் பெரியசார் என்று கூப்பிடும் அவர், ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையாட்டி வைத்தார். வீட்டுக்குள்ளேயே ஓர் எதிர்க்கட்சி இருந்தது. உயரத்தால் 'நெட்டை' என்று பெயர் வாங்கிய நாத்தனார் மகன் அதே வகுப்பில்தான் படித்தான்.

"அண்ணி, நான் எந்த மெசேஜ் அனுப்பினாலும் என் புள்ள 'யாரு சொன்னா, யாரு சொன்னா'ன்னு உயிர வாங்குறான். பெத்தவள நம்பாத புள்ளைய உருவாக்கிட்டீங்களே!"

"உன்ன நம்புறான்மா. உனக்கு அனுப்புனவங்களத்தான் நம்பல," என்றார் டீச்சர்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கூடியது. பெற்றோர் கும்பலாக நின்று டி.சி. கேட்டார்கள். ஆளுக்கு ஆள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எல்லாப் போனிலிருந்தும் படமில்லாமல் பெரியசாரின் கணீர்க்குரல் மட்டும் வந்தது.

'பெற்றோர்களே, இந்தப் பள்ளிக்கூடத்த இந்த வருஷத்தோட மூடப் போறோம். உங்க பிள்ளைங்கள வேற பள்ளிக்கூடத்துல சேத்துக்குங்க...'

பெரியசார் கேட்டுக்குள் நின்று வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். "நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க! சத்தியமா சொல்லல!"

"உங்க குரல் எங்களுக்குத் தெரியாதா சார்?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது நாத்தனாரேதான்.

டீச்சர் பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். சந்தேகமே இல்லை, அது பெரியசார் குரல்தான். ஆனால் அந்த மனிதர் பொய் சொல்கிறவரும் இல்லை. நாத்தனாரிடமிருந்து பதிவை வாங்கிக்கொண்டு நேரே ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். "எல்லாரும் கம்ப்யூட்டர் ரூமுக்கு வாங்க. இன்னிக்கு நிஜமாவே வேலை இருக்கு."

பதிவைப் போட்டார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மறுபடியும். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய பெண் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், பின்னால ஒரு குழந்தை அழுவுது. ஆபீஸ் ரூம்ல ஏது குழந்தை?"

"மைக் கூவுற சத்தமும் கேக்குது," என்றான் நெட்டை. "ஏதோ கூட்டத்துல பேசியிருக்காரு."

கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவள். அவள் மெல்ல எழுந்தாள். "டீச்சர், முடிவுல 'சேத்துக்குங்க'ன்னு நிக்கல. 'சேத்துக்குங்கன்...' அப்படின்னு ஒரு 'ன்' கேக்குது."

டீச்சர் மறுபடி ஓட்டினார். ஆமாம், நூல் இழை மாதிரி ஒரு 'ன்', அதோடு பேச்சு வெட்டுப்பட்டிருந்தது.

"அந்த 'ன்'னுக்கு அப்புறம் என்ன வரும்? சொல்லுங்க பாப்போம்."

"சேத்துக்குங்கன்னு சொன்னாங்க!" வகுப்பே கத்தியது.

"அப்போ இது பெரியசார் சொன்னது இல்ல. வேற யாரோ சொன்னத அவர் எடுத்துச் சொல்லியிருக்காரு. நம்ம தமிழ்ல 'சொன்னாங்க' கடைசியிலதான வரும்? வால வெட்டிட்டா, அடுத்தவன் பேச்சு நம்ம பேச்சாயிடும்."

பெரியசார் குழந்தைகள் அழுகிற கூட்டத்தில் மைக் பிடிப்பது ஆண்டு விழாவில்தான். விழாக்களையெல்லாம் விளையாட்டு ஆசிரியர் படம் பிடித்துப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு வருடமாகப் பிரித்துக்கொண்டு தேடினார்கள். திடீரென்று ஒரு மூலையிலிருந்து ரேடியோ பழைய ரேடியோவாகிக் கூவினாள்: "மாட்டிக்கிச்சு!"

திரையில் பெரியசார் கை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். '...சேத்துக்குங்கன்னு, நான் இங்க வந்த புதுசுல மேலிடத்துலேர்ந்து ஆள் வந்து சொன்னாங்க. நாம விட்டோமா? வீடு வீடா போய்ப் பிள்ளைங்கள சேத்தோம். இந்தப் பள்ளிக்கூடம் இன்னும் நூறு வருஷம் இருக்கும்!' அதற்குக் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இத வேணும்னே வெட்டியிருக்காங்க. எதிர்த்தாப்புல இருக்கிற பள்ளிக்கூடத்துக்காரங்க வேலதான் இது! நம்ம பிள்ளைங்கள இழுக்கப் பாக்குறாங்க. அதையும் சேத்து எழுதுங்க."

யாரும் பேனாவை எடுக்கவில்லை. நெட்டை எழுந்தான். பதற்றத்தில் பள்ளிக்கூடம் என்பதையே மறந்துவிட்டான் போலிருக்கிறது. "யாரு சொன்னா அத்தை?"

டீச்சருக்குக் காதுமடல் சூடேறியது. ஆனால் அந்தச் சூட்டுக்கு அடியில் வேறொன்று மெல்லப் பொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் கோபம் இல்லை.

"யாரும் சொல்லல," என்றார். "நானா நினைச்சேன். எழுத வேணாம்."

பிறகு பெற்றோருக்கான செய்தியை எழுத உட்கார்ந்தார்கள். முதல் பிரதி 'மதிப்பிற்குரிய பெற்றோர்களே, தங்கள் மேலான கவனத்திற்கு' என்று குதிரை வண்டி மாதிரி கிளம்பியது.

"வாசல்ல கூட்டம் கொதிச்சிட்டு நிக்குது. அவங்களுக்கு எது முதல்ல தெரியணுமோ அத முதல் வரியில வைங்க," என்றார் டீச்சர். அடித்தார்கள், திருத்தினார்கள். கடைசியில் செய்தி இப்படி நின்றது:

'பள்ளி மூடப்படவில்லை. பரவும் பதிவு, ஆண்டு விழாப் பேச்சின் ஒரு துண்டு. முழுப் பேச்சையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.'

ரேடியோவும் நெட்டையும் வாசலுக்குப் போனார்கள். காலை வணக்கக் கூட்டத்துக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியில் முதலில் வெட்டிய துண்டைப் போட்டார்கள், பிறகு முழுப் பேச்சையும் போட்டார்கள். 'சொன்னாங்க' என்ற சொல் வந்த இடத்தில் கூட்டத்தின் முகம் மாறியதை டீச்சர் மாடியிலிருந்து பார்த்தார். கைதட்டல் பகுதி வந்தபோது கீழேயும் சிலர் தங்களை அறியாமல் தட்டினார்கள்.

"அப்போ வெட்டுனது யாரு?" என்று ஒருவர் எகிறினார். "பேரச் சொல்லு, போய் உண்டு இல்லைன்னு ஆக்கிடுறோம்!"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க," என்றாள் ரேடியோ. "தெரிஞ்சத மட்டும்தான் சொல்லுவோம்."

கூட்டம் கலைந்தது. நாத்தனார் அந்தச் செய்தியைத் தனக்குத் தெரிந்த அத்தனை குழுக்களுக்கும் அனுப்பினார். அந்த வேகத்தை மட்டும் அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. பெரியசார் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் கால அட்டவணையில் டீச்சரின் புதன்கிழமைப் பாடத்துக்கு எல்லா வகுப்புகளிலும் இடம் கிடைத்தது. கணக்கு ஆசிரியர் தானும் வந்து உட்காரலாமா என்று கேட்டார்.

சில நாள் கழித்து வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் பெரியசாருக்குப் போன் செய்து அழுதான். பள்ளியின் மேல் இருந்த பாசத்தில் அந்தப் பேச்சின் குரலை மட்டும் எடுத்துத் தன் போன் ஸ்டேட்டஸில் அவன்தான் வைத்திருக்கிறான். அதில் கொஞ்ச நேரத்துக்கு மேல் ஓடாது என்பதால் போன் தானாகவே வாலை நறுக்கிவிட்டது. யாரோ அந்தத் துண்டை மட்டும் எடுத்து அனுப்ப, ஊரே சுற்றிவிட்டது. வெட்டியவர் என்று ஒருவர் இல்லவே இல்லை.

விஷயம் தெரிந்ததும் டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தான் சொன்னதை மட்டும் பிள்ளைகள் எழுதியிருந்தால், கொதித்து நின்ற கூட்டம் நேரே எதிர்ப் பள்ளிக்கல்லவா போயிருக்கும்!

அந்த எதிர்ப் பள்ளியிலிருந்தே ஒரு மாதத்தில் அழைப்பு வந்தது. எங்கள் ஆசிரியர்களுக்கும் இந்த வகுப்பை நடத்த முடியுமா என்று கேட்டிருந்தார்கள். டீச்சர் போனார், ஆனால் மேடை ஏறவில்லை. பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். ரேடியோ ஒரு படத்தைத் திரையில் காட்டி, அது எந்த வருடத்துப் படம் என்று ஆசிரியர்களையே கேட்டு மடக்கிக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சுப் பெண்ணும் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசினாள். நாலும் அழுத்தம் திருத்தமாக வந்தன.

பக்கத்து நாற்காலி ஆசிரியை டீச்சர் பக்கம் சாய்ந்தார். "என்னமா பேசுதுங்க! யாரோட பசங்க?"

"என் பசங்க," என்றார் டீச்சர். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.