மாநாட்டு வாசலில் பெயர் அட்டையோடு

மாநாடுகளில் வாசல் மேசையில் உட்கார்ந்து பெயர் அட்டை கொடுக்கிற வேலை பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் நீங்கள் நம்ம ஆள். சிரித்த முகத்தோடு எல்லாரையும் சந்தேகப்படுவதுதான் இந்தத் தொழில். சொல்கிற பெயர் அவருடையதுதானா, பட்டியலில் இருக்கிறாரா, இல்லை மத்தியானச் சாப்பாட்டுக்கு நுழைந்த ஆளா என்று ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். எனக்கு அது சுலபமாக வந்தது. பிறந்ததற்கே அத்தாட்சி இல்லாதவளுக்குச் சந்தேகம் வராமல் வேறென்ன வரும்?

புத்தகம் இல்லாத நூலகம்

தொண்ணூறுகளின் நடுவில், அட்டனில் டைப்பிங் படித்துவிட்டு வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், சும்மா இருந்தேன். கணநாதன் சேர் ஆள் அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், அட்டனில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், நூலகப் பைத்தியம். கம்பியூட்டரில் நூலகம் நடத்துவது பற்றி நுவரெலியாவில் சர்வதேச மாநாடு கூட்டப் போவதாகச் சொன்னார். 'சர்வதேசம்' என்றதுமே எனக்குத் திக்கென்றது. வெளிநாட்டு வேலை என்று எங்கள் தோட்டத்தில் ஆள் பிடித்த ஏஜென்டும் இப்படித்தான் பேசினான்.

ஆனால் ஆட்கள் வந்துவிட்டார்கள். நானுஓயா ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு வேன், அதிலும் பின் சீட்டில் பெட்டிகள். காட்போட் மட்டையை வெட்டி, நானே பெயர் எழுதி, வந்தவர்கள் சட்டையில் ஊக்கால் குத்திவிட்டேன், எனக்கும் ஒன்று. பகல் முழுக்கச் சுவரில் படம் போட்டுப் பேசினார்கள். தேத்தண்ணி கொடுக்கப் போன வெயிட்டர் ராமையா அண்ணன் திரும்பி வந்து என்னிடம் குசுகுசுத்தார்: "ஏம்மா புஷ்பம், புத்தகமே இல்லாத லைப்ரரிக்கு எதுக்கு இத்தன பேரு கண்ணாடி போட்டுக்கிட்டு வந்திருக்காங்க?"

சோதனைச் சாவடியில் பெரிய ஆள்

என்னிடம் தேசிய அடையாள அட்டை கிடையாது. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நான் பிறந்த மாதம் தோட்டத்திலிருந்து பதிவாளருக்குப் போக வேண்டிய தாள் போகவில்லை. யார் தப்பு என்று இன்றைக்கும் தெரியாது. அப்பா கேட்கிறபோதெல்லாம் 'அடுத்த மாசம் வாங்க' என்றார்களாம். நான் வளர்ந்ததுதான் மிச்சம். யுத்த காலத்தில் தமிழ்ப் பெண்ணொருத்தி அட்டை இல்லாமல் பஸ்ஸில் போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சாவடியிலும் இறக்கி விசாரிப்பார்கள்.

மாநாடு முடிந்து திரும்பிய அன்றைக்கும் பஸ்ஸை மறித்தார்கள். இறங்கி வரிசையில் நின்றேன். ஆமிக்காரப் பையன் கை நீட்டினான். என்ன செய்வேன்? சேலையில் குத்தியிருந்த காட்போட் மட்டையைக் கழற்றி நீட்டினேன். 'இன்டர்நேஷனல்' என்று நானே மார்க்கர் பேனையால் எழுதியது. அவன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, என்னையும் என் ரப்பர் செருப்பையும் பார்த்து, போகச் சொல்லிக்கொண்டே சிங்களத்தில் கேட்டான்: "இவ்வளவு பெரிய ஆள்னா எதுக்கு பஸ்ல போறீங்க?"

மறித்தது யாரை?

அடுத்தடுத்த வருஷங்களில் மாநாடு கொழுத்துவிட்டது. ஒரு வேன் மூன்றானது, மூன்று வேன் இரண்டு பஸ் ஆனது. ஊக்குப் போய்க் கிளிப் வந்தது, மட்டைக்குப் பிளாஸ்டிக் உறை வந்தது. கூட்டம் பெருத்தால் களவும் பெருக்கும் என்று நானும் சட்டம் போட்டேன்: அழைப்புக் கடிதம் காட்டாமல் அட்டை இல்லை.

ஒரு காலையில் கசங்கிய சட்டையோடு, தலை சீவாத ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கடிதம் இல்லை, பெட்டி ரயிலில் தவறிவிட்டதாம். இந்தக் கதையெல்லாம் நம்மிடமா? ஓரமாக உட்காருங்கள் என்று பிளாஸ்டிக் கதிரையைக் காட்டினேன். முக்கால் மணி நேரம் பாவி மனுஷன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து கணநாதன் சேர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். வெள்ளைக்காரரைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறீர்? உவர் பேசினால்தானே மாநாட்டையே துவங்கலாம்!"

பேப்பர் கேட்டுப் போன கதை

பழைய கடதாசிகளைப் படம் பிடித்துக் கம்பியூட்டரில் ஏற்றுவதை மேடையில் செய்து காட்ட ஒரு வருஷம் முடிவெடுத்தார்கள். தோட்டத்துப் பழைய கடதாசி கொண்டு வருவது என் பொறுப்பு. நம்ம ஊர்தானே, யார் தரமாட்டார்கள் என்று கிளம்பினேன்.

ஒருத்தர் தரவில்லை. லயத்தில் எல்லார் வீட்டிலும் பிஸ்கட் டின்னில் பேப்பர் இருக்கிறது. என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்கூட டின்னைச் சேலைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். படம் எடுத்துவிட்டு உடனே தருவேன் என்று எங்கள் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டு மாரியம்மா அக்கா டின் மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கும் ஒருத்தரு இப்படித்தாம்மா சிரிச்சுக்கிட்டே பேப்பர் கேட்டாரு. மூணாம் மாசம் எங்க அண்ணன் குடும்பத்தையே இந்தியாவுக்குக் கப்பலேத்திட்டாங்க."

அவர் சொன்னது, குடியுரிமை இல்லையென்று தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலம். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.

மருந்துப் புத்தகம்

கடைசியில் தோட்டத்துக் கந்தோருக்கு, அதுதான் ஆபீசுக்கு, போனேன். பெரிய கிளாக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சம்பளப் புத்தகத்தைத் தந்தால் தொழிற்சங்கத்துக்குக் கொண்டு போவேனாம், கணக்குப் புத்தகத்தைத் தந்தால் பத்திரிகைக்குக் கொடுப்பேனாம். யோசித்து யோசித்து, ஒருத்தருக்கும் உதவாது என்று அவர் நம்பிய ஒன்றைத் தூக்கிப் போட்டார். பழைய டிஸ்பென்சரிப் புத்தகங்கள், கரையான் தின்ற நாலு. மேடையில் அதை வைத்துத்தான் வித்தை காட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் தோட்டம் கை மாற, பழைய சாமானோடு அவையும் தேயிலை காய வைக்கிற ஸ்டோர் அடுப்புக்குப் போய்விட்டன.

அடுத்த வருஷம், அந்தப் புத்தகங்களைப் படம் பிடித்து ஏற்றிய சீடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோட்டத்துப் பிரசவங்களை எழுதிய ஒரு பக்கம் வந்தது. எங்கள் ஏழாம் நம்பர் லயம். தாய் அன்னலெட்சுமி. பெண் குழந்தை. தேதி, நேரம் எல்லாம் இருந்தது. அன்னலெட்சுமி என் அம்மா. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகியிருந்தது. திரையில் அவர் பெயரைத் தொட்டுக்கொண்டு, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

அந்தப் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு, சேரையும் கூட்டிக்கொண்டு, பிறப்பைப் பதியப் பதிவாளர் கந்தோருக்குப் போனேன். அதிகாரி அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புரட்டினார். மோந்தும் பார்த்திருப்பார். மூலப் புத்தகம் எங்கே என்றார். எரிந்துவிட்டது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது நான் வாசல் மேசையில் பார்க்கிற அதே பார்வை. கசங்கிய சட்டை வெள்ளைக்காரர் நினைவுக்கு வந்தார். அதிகாரி அம்மா கேட்டார்: "இதுல பொம்பளப் புள்ளன்னு மட்டுந்தான் இருக்கு, பேரு இல்ல. அந்தப் புள்ள நீங்கதான்னு யாரு சொல்றது?"

எட்டு அட்டைகள்

பெயர் வைக்கு முன்னால் எழுதிய புத்தகத்தில் பெயர் எப்படி இருக்கும்? கேட்க வாய் துடித்தது. ஆனால் கேட்டால் காரியம் கெடும். சேர் சத்தியக் கடதாசி நீட்டினார், அப்பாவும் கையெழுத்து வைத்திருந்தார். போதாது, இத்தனை வருஷமாக இந்தப் பெயரில்தான் இருக்கிறேன் என்பதற்கு என்ன காட்டுவீர்கள் என்றார் அதிகாரி அம்மா.

கைப்பையைக் கவிழ்த்தேன். எட்டு வருஷத்து மாநாட்டு அட்டைகள், சாவடிகளுக்காகச் சுமந்து திரிந்தவை. ஊக்குத் துருப்பிடித்த காட்போட் மட்டை, பிளாஸ்டிக் உறை போட்டது, என் போட்டோவோடு அச்சடித்தது, கடைசியாகக் கழுத்துப் பட்டியோடு உள்ளங்கை அகலத்தில் ஒன்று. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்கினார். கடைசியில் சிரித்துவிட்டார்: "உங்க மாநாடுதான் வருசா வருசம் பெருத்துக்கிட்டே போகுது, பேரு மட்டும் அப்படியே இருக்கு. சரி, பாரத்த நிரப்புங்க."

கேட்டில் நின்றவன்

அடையாள அட்டை கைக்கு வந்த வருஷம் நானுஓயாவில் மாநாட்டுக்காரர்களுக்கென்றே ரயில் பெட்டி ஒதுக்கினார்கள். ஒரு ஹோட்டல் போதாமல் மூன்று. கேட்டுக்குக் காவல்காரர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். முதல் நாள் காலை, மாநாட்டு அட்டையை வேண்டுமென்றே உள்ளே மேசையில் விட்டுவிட்டு வெளியே போய்த் திரும்பினேன். கேட்டில் யாராவது மறிக்க மாட்டார்களா என்று அவ்வளவு ஆசை!

மறித்தான் ஒரு காவல்காரன். நான் நிமிர்ந்து நின்று, புது அடையாள அட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவன் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "இது எல்லார்கிட்டயும் இருக்குங்க அக்கா. கான்பரன்ஸ் அட்டை இருந்தா காட்டுங்க."

சொன்னால் சந்தேகப்படுவீர்கள், என்னை ஒருவன் வாசலில் நிறுத்தி வைத்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.