ஏலக்காய் மணத்த டப்பா

பயிற்சிக்கு முன் தரும் வாழைப்பழத்தை இனிப் பயிற்சிக்குப் பின் தருவது என்று எங்கள் கல்லூரி பேஸ்பால் அணியின் ஊட்டச்சத்துக் குழு சென்ற வாரம் ஒருமனதாகத் தீர்மானித்தது. ஐந்து பேராசிரியர்கள், ஒன்றரை மணி நேர விவாதம். கோப்பு என் கைக்கு வந்தபோது, விடுதிச் சமையலறையை முன்பு நடத்திய ஆரோக்கியசாமி பாரிவாக்கத்தில் தம் வீட்டில் காலமான செய்தியும் வந்தது. முதலில் கையெழுத்துப் போட்டேன்.

விடுதியில் அவர் கையால் சாப்பிட்ட பழைய மாணவர்களான உங்களுக்கு அவர் வழக்கம் தெரியும். எந்தச் சத்துப்பொடி வந்தாலும் ஒரு வாரம் தாமே குடித்துப் பார்ப்பார். "எனுக்கு ஒத்துக்காதத புள்ளைங்களுக்கு எப்டி சார் குடுக்கறது?" என்பார். இந்த ஆராய்ச்சி முறையைக் குழு அங்கீகரித்ததில்லை.

சென்ற ஆண்டு ஒரு கடைக்காரர் சாக்லேட் பொடி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது டப்பாவில் இல்லை. மாநில அணித் தேர்வுக்குள் எங்கள் பந்துவீச்சாளர் தினேஷின் உடம்பைத் தேற்றிவிடும் என்று மட்டும் சொன்னார். நான்காம் நாளே ஆரோக்கியசாமி வந்து நின்றார். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, கரண்டி பிடித்த கை நடுங்குகிறது என்றார். அவருக்கு வயதாகிவிட்டது என்று பதிவு செய்துகொண்டு குழு பொடிக்கு ஒப்புதல் தந்தது.

பொடி தினமும் பாலில் கலந்து தரப்பட்டது. தினேஷ் தேறினான், பந்தும் வேகமெடுத்தது. விளம்பரத்துக்குப் படமெடுக்க வந்த கடைக்காரர் சுவை எப்படி என்று கேட்டார். "ஏலக்கா வாசன சூப்பரா கீதுண்ணா" என்றான் தினேஷ்.

சாக்லேட் பொடியில் ஏது ஏலக்காய் என்று திறந்து பார்த்தால், டப்பாவில் இருந்தது வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கேழ்வரகு, கொஞ்சம் ஏலக்காய். ஆரோக்கியசாமி எதையும் மறைக்கவில்லை. அசல் பொடி எங்கே என்றேன்.

"கூவத்துல கொட்டிட்டேன் சார். கூவத்த யாரும் டெஸ்டுக்குக் கூப்பிட மாட்டாங்க." பிறகு குரலைத் தணித்து, "செலெக்சன் வரைக்கும் இதையே குடுக்க உடுங்க சார். பையன் ஆடட்டும்" என்றார்.

குழுவை ஏமாற்றியதற்காக அவரை நீக்கிய தீர்மானத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அதைச் சொல்லப் போன என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க, கமிட்டில கீறீங்க" என்றார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே இரக்கப்பட்டார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரக்கம்தான். எந்தக் கூட்டத்திலும் அதைக் கழற்றி வைக்க முடியவில்லை.

அவர் வேலையை விட்டுப் போன மறுநாளிலிருந்து, கடைக்காரர் புதிதாக அனுப்பிய அசல் பொடி வீரர்களுக்குத் தரப்பட்டது. தேர்வில் எடுத்த ஊக்கமருந்துப் பரிசோதனையில் தினேஷ் சிக்கினான். நான்கு ஆண்டு விளையாடத் தடை.